அம்மா தொடையில் ஒரு ராடு, யார்டில் ஒரு ராடு

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு அடிபம்பு இருக்கிறது. வடசென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மெட்ரோ வாட்டர் லைனில் தண்ணீர் விட்டாலும் அது தானாக மேலே ஏறி வராது, விடிகாலையில் ஆள் நின்று அடித்தால்தான் குடத்தில் விழும். என் அம்மா அதை முப்பது வருடத்துக்கு மேல் அடித்தாள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு குடம். அடித்து, இடுப்பில் வைத்து, இரண்டு படி ஏறி, உள்ளே டிரம்மில் ஊற்றிவிட்டு மறுபடி வெளியே. பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டையும் அங்கேதான், சமாதானமும் அங்கேதான்.

2019 கோடையில் ஊரே வறண்டு கிடந்தபோது தெருமுனைக்கு வந்த தண்ணீர் லாரிக்குப் பின்னால், 67 வயதில், அம்மா இரண்டு குடத்தோடு ஓடியதைப் பார்த்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மறு வருடம் சம்ப் வெட்டி, மோட்டார் போட்டு, மாடியில் டேங்க் வைத்து, சமையலறை வரைக்கும் குழாய் இழுத்தாயிற்று. அப்புறம் வாஷிங் மெஷின். அப்புறம் கடைக்குப் போக வேண்டாம், போனில் சொன்னால் கொண்டுவந்து தருவார்கள். திருவொற்றியூரில் இருக்கும் அக்கா தன் பங்குக்கு ஒரு சாய்வு நாற்காலி வாங்கி வந்து, "பட்டது போதும், ராணி மாதிரி ஒக்காரும்மா" என்றாள். தாங்கு தாங்கென்று தாங்கினோம். தெருவில் எங்களைக் காட்டித் தங்கள் பிள்ளைகளைத் திட்டினார்கள். அந்தப் பெருமையும் எனக்கு இருந்தது, மறைப்பானேன்.

போன வருடம் ஆடி மாதம் ஒரு மத்தியானம் அந்த நாற்காலியிலிருந்து எழுந்தவள் அப்படியே விழுந்தாள். வழுக்கவில்லை, தரையில் ஈரமே கிடையாது. எதுவும் தடுக்கவும் இல்லை. "எந்திரிச்சேன், முட்டி என்னை உட்டுட்டுப் போயிடுச்சுடா" என்றாள், அவ்வளவுதான். தொடை எலும்பு இடுப்புக்குக் கொஞ்சம் கீழே ஒடிந்திருந்தது. ஆபரேஷன் செய்து எலும்புக்குள் ஒரு ராடு, அதாவது உலோகத் தண்டு, வைத்தார்கள்.

இந்தப் பதிவு எழுதக் காரணம் அந்த ராடுதான். ராடு என்றால் என்ன, அது எலும்பை என்ன செய்கிறது என்று படிக்கப் போய், அது அம்மாவின் காலில் நிற்காமல் எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, கடைசியில் நான் வேலை பார்க்கும் யார்டு வரைக்கும் வந்துவிட்டது.

அக்கா மகள் மெட்டீரியல்ஸ் சயன்ஸில் ஆராய்ச்சி செய்கிறாள். ஆஸ்பத்திரியில் அம்மாவின் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல இரும்பு பலமா இருக்கிறது நல்லதுதான், ஆனா ரொம்ப விறைப்பா இருந்தா எலும்புக்குக் கெடுதல்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பலமும் விறைப்பும் ஒன்றுதானே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, அரை மணி நேரம் வகுப்பு எடுத்தாள்.

விஷயம் இதுதான். ஒரு பொருள் எவ்வளவு பாரத்தில் உடையும் என்பது அதன் பலம். அந்தப் பாரத்துக்கு எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பது விறைப்பின் கணக்கு. தொடை எலும்பின் கெட்டியான வெளிப்பகுதிக்கு இந்த விறைப்பு சுமார் 15 முதல் 20 ஜிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு, எண் கூடினால் விறைப்பும் கூடுதல்). ஆபரேஷனில் வழக்கமாகப் பயன்படுத்தும் டைட்டானியம் கலவைக்கு 110. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 190, 200. அதாவது எலும்புக்குப் பக்கத்தில் அதைவிட ஆறு மடங்கோ பத்து மடங்கோ விறைப்பான ஒருவனைக் கொண்டுவந்து நிற்க வைக்கிறோம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மூட்டையைத் தூக்கினால் யார் தோளில் பாரம் இறங்கும்? விறைப்பாக நிற்பவன் தோளில்தான். பக்கத்தில் இருப்பவன் கையை மட்டும் வைத்துக்கொண்டு சும்மா நிற்பான்.

சும்மா நின்றால் நல்லதுதானே, ஓய்வுதானே என்று தோன்றும். எலும்புக்கு அந்த ஓய்வு ஆகாது. அது ஒரு கறாரான கணக்குப்பிள்ளை மாதிரி. எங்கே பாரம் விழுகிறதோ அங்கே செலவு செய்து கட்டும், எங்கே விழவில்லையோ அங்கே இருப்பதையும் எடுத்துவிடும். ஜெர்மனியில் யூலியுஸ் வோல்ஃப் என்ற அறுவை மருத்துவர் 1892-லேயே இதை எழுதிவிட்டார். டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு ஆடும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடிமனாக இருக்கும். விண்வெளியில் பாரமே இல்லாமல் மிதக்கிறவர்களுக்கு இடுப்பு எலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை கரைகிறது. அதே மாதிரி, உலோகம் பாரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டால் அதைச் சுற்றியுள்ள எலும்பு மெலிந்துபோகும். இதற்கு ஸ்ட்ரெஸ் ஷீல்டிங் என்று பெயர். காப்பாற்றப் போய் மெலிய வைப்பது. (அம்மாவுக்கு வைத்தது எலும்பின் உள்ளே போகும் ராடு, அது பாரத்தை எலும்போடு பங்கு போட்டுக்கொள்ளும் வகை. வெளியே வைத்து இறுக்கும் பிளேட்டிலும், இடுப்பு மூட்டையே மாற்றும்போது உள்ளே இறக்கும் தண்டிலும்தான் இந்தத் தொல்லை அதிகமாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.)

இப்போது அந்தத் துறையில் நிறைய பேர் மண்டையை உடைத்துக்கொள்வது, பலம் குறையாமல் விறைப்பை மட்டும் எப்படிக் குறைப்பது என்பதில்தான். நியோபியம், சிர்கோனியம், டான்டலம் எல்லாம் கலந்து 55 ஜிகாபாஸ்கல் அளவுக்கு இறங்கிய டைட்டானியம் கலவைகள் இருக்கின்றன. இன்னொரு பக்கம், திரீடி பிரின்டிங்கில் டைட்டானியத்தையே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக வார்த்து, உலோகமும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்படி, அந்த ஓட்டைக்குள் எலும்பும் வளர்ந்து பிடிக்கும்படி செய்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மக்னீசியம் கதை. அதன் விறைப்பு 45 ஜிகாபாஸ்கல்தான், எலும்புக்குப் பக்கத்து ஊர். அதோடு உடம்புக்குள் மெல்லக் கரைந்துவிடும், இன்னொரு ஆபரேஷன் செய்து கழற்ற வேண்டாம். பெல்ஜியத்தில் அல்பாங் லாம்போத் என்பவர் 1907-லேயே ஒரு காலில் மக்னீசியம் பிளேட்டை வைத்து, எஃகு ஆணி போட்டுப் பொருத்தினார். இரண்டு உலோகம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பேட்டரி கடைக்காரனுக்குத் தெரியும். எட்டு நாளில் பிளேட்டு கரைந்து, தோலுக்கு அடியில் வாயு கிளம்பிவிட்டது. அந்தத் தோல்விக்குப் பிறகு நூறு வருடம் கலவையை மாற்றி மாற்றிப் பார்த்து, 2013-ல் மக்னீசியம் கலவையில் செய்த ஒரு ஸ்க்ரூவுக்கு ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. தாங்க வேண்டிய காலம் வரை தாங்கிவிட்டு அப்புறம் மெல்ல விலகிக்கொள்கிற பொருள். அப்படி ஒரு உலோகத்தைச் செய்யவே நூறு வருடம் ஆகியிருக்கிறது.

1985-ல் இங்கிலாந்தில் குட்ஷிப், கென்ரைட் என்ற இருவர் செம்மறியாட்டின் கால் எலும்பில் செய்து பார்த்த சோதனையும் இதே வழிதான். ஒடிந்த எலும்பை அசையவே விடாமல் இறுக்கிக் கட்டிய ஆடுகளைவிட, தினமும் கொஞ்ச நேரம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அசைத்துக் கொடுத்த ஆடுகளுக்கு எலும்பு நன்றாகக் கூடியது. ஒரே ஒரு மில்லிமீட்டர். கூடிப்போனாலும் கெடும், இல்லாமல் போனாலும் கெடும்.

சரி, அம்மாவுக்கு வருகிறேன்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே டாக்டர் அம்மாவை வாக்கரைப் பிடித்து நிற்கச் சொன்னார். அக்கா அழுதேவிட்டாள். "நேத்துதான் வெட்டித் தெச்சிருக்காங்க, இன்னிக்கே நில்லுன்றாரே, மனுஷனா அவரு" என்று வராந்தாவில் ஒரே சத்தம். நானும் உள்ளுக்குள் அக்கா கட்சிதான். டாக்டர் எங்களைப் பார்த்து நிதானமாக, "படுத்திருந்தா எலும்பு ஒட்டிடும், ஆனா அதுக்குள்ள கால் இருக்காது" என்றார்.

அவர் சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. 2007-ல் அமெரிக்காவில், நோய் நொடி இல்லாத, சராசரி 67 வயதுள்ள பன்னிரண்டு பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போய்விட்டது. முட்டியின் வலுவும் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நன்றாக இருந்தவர்களுக்கே இப்படி. எங்கள் அம்மா ஐந்தாறு வருடம் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முட்டி ஏன் விட்டுவிட்டுப் போனது என்பதற்கான பதில் வாசலிலேயே துருப்பிடித்து நின்றுகொண்டிருந்தது. பம்பு அடிப்பது கை வேலை என்று நினைக்கிறோம். காலை அகட்டி ஊன்றி, இடுப்பிலிருந்து முழு உடம்பையும் இறக்கி ஏற்றினால்தான் அந்தக் கைப்பிடி இறங்கும். குடத்தை இடுப்பில் ஏற்றுவது தனி. காசு கொடுத்து ஜிம்மில் செய்வதை அம்மா பல்லைக்கூட விளக்காமல் செய்துகொண்டிருந்தாள், நான் மோட்டார் போட்டு நிறுத்தினேன்.

மோட்டார் போட்டது தப்பு என்று சொல்ல வரவில்லை. 67 வயதில் பன்னிரண்டு குடம் கொடுமைதான், பெண்கள் அப்படி மாரடித்ததைப் பெருமை பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆனால் பன்னிரண்டுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே ஒரு இரண்டு குடம் இருக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா இனி பழையபடி நடக்க மாட்டாள் என்று கைவிட்டிருந்தேன். அக்கா மகள் அனுப்பிய இன்னொரு கட்டுரைதான் தெம்பு கொடுத்தது. மரியா ஃபியாடரோனே என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 1990-ல் வெளியிட்டது. முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேர், சராசரி வயது 90. எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி, சும்மா கையைக் காலை ஆட்டுவது இல்லை, நிஜமாகவே கனமான எடை. கடைசி வரை செய்த ஒன்பது பேருக்கும் சராசரியாகப் பார்த்தால் கால் வலு 174 சதவீதம் கூடியிருந்தது, அதாவது இருந்ததைப் போல இரண்டே முக்கால் மடங்கு. 90 வயதில்! பத்துப் பேரை வைத்து என்ன சொல்லிவிட முடியும் என்று யாராவது கேட்பார்கள் என்றோ என்னவோ, 1994-ல் நூறு பேரை வைத்து, பத்து வாரம், மறுபடி செய்தார்கள். சராசரி வயது 87. வலு இரட்டிப்புக்கு மேல் ஆனது. அந்த ஆய்வில் சிலருக்குப் பயிற்சி இல்லாமல் ஊட்டச்சத்துப் பானம் மட்டும் கொடுத்தார்கள், தசைக்கு அதனால் பலன் எதுவும் தெரியவில்லை. அம்மாவைப் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்றாக வாங்கி வந்த சத்து பவுடர் டப்பா பதினொன்று எங்கள் அலமாரியில் இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மனசு சம்பந்தமாகவும் ஒன்று படித்தேன். 1976-ல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு மாடிக்காரர்களிடம், உங்கள் அறையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், இந்தச் செடிக்கு நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள் என்றார்கள். இன்னொரு மாடியில், எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், செடிக்கும் நர்ஸ் தண்ணீர் ஊற்றுவார் என்றார்கள். பொறுப்புக் கொடுத்த மாடியில் ஆட்கள் சுறுசுறுப்பாக இருந்தார்கள், ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோது அங்கே இறந்தவர்களும் குறைவு. இதை இணையத்தில் பல பேர் வேதவாக்கு மாதிரி பகிர்கிறார்கள். அந்த இறப்புக் கணக்கில் பிழை இருந்தது என்று ஆய்வு செய்தவர்களே பிறகு திருத்தம் வெளியிட்டார்கள் என்பதையும், திருத்திய பிறகு வித்தியாசம் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை என்பதையும் யாரும் பகிர்வதில்லை. அதனால் நான் செடியை நம்பிப் போகவில்லை, எடையைத்தான் நம்பினேன். செடி ஒன்று இருந்தால் நஷ்டமில்லை, அது வேறு.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தார். சின்னப் பெண், அம்மாவை "ஆயா" என்று கூப்பிட்டே எல்லா வேலையும் வாங்கிவிடுவார். முதல் வேலையாக அந்தச் சாய்வு நாற்காலியை மாடிக்கு அனுப்பிவிட்டு, கை வைக்காத மர நாற்காலி ஒன்றைக் கேட்டார். கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். முதல் நாள் அம்மாவால் ஒரு தடவைகூட முடியவில்லை. நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். "சார், நீங்க வெளிய போய் டீ சாப்ட்டு வாங்க" என்றார்.

இங்கேதான் யார்டு வருகிறது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன், பதினெட்டு வருடம். எந்த டிரெய்லர் முதலில் உள்ளே வர வேண்டும், எந்த எம்ப்டி (காலி கண்டெய்னர்) எங்கே அடுக்க வேண்டும், கண்டெய்னரைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டேக்கர் வண்டி நின்றுபோனால் யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் என் போனில்தான். நான் லீவு போட்டால் யார்டு நின்றுவிடும் என்று முதலாளி நாலு பேர் முன்னால் சொல்லும்போது சட்டையின் மேல் பட்டன் தெறிக்கும்.

அம்மாவுக்காக மூன்று வாரம் லீவு எடுத்தேன். முதல் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து 43 போன் எடுத்துப் பேசினேன், எண்ணிப் பார்த்தேன். ஆபரேஷன் நாளன்று போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன், அவள் அணைத்துப் பையில் போட்டுவிட்டாள். அன்றைக்கு யார்டில் ஒரு டிரெய்லரை தப்பான கேட்டுக்கு அனுப்பி அரை நாள் வரிசை நின்றதாம். திட்டு விழுந்தது. ஆனால் மூன்றாவது வாரம் ஒரு நாளைக்கு ஐந்தாறு போன்தான். என்னிடம் ஏழு வருடமாக வேலை பார்க்கும் பையன், நான் வாயைத் திறந்து பேசியே கேட்காத பையன், எம்ப்டி அடுக்கும் இடத்தை கேட்டுக்குப் பக்கத்திலிருந்து பின்பக்கம் மாற்றி, காலை நேர நெரிசலைக் குறைத்திருந்தான். ஏன்டா இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க இருந்தீங்களே சார்" என்றான்.

அதை அக்கா மகளிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா, நீங்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 200 ஜிகாபாஸ்கல்."

அவள் மறுநாள் அனுப்பிய கட்டுரை மும்பைக்குப் பக்கத்து நெசவு ஆலைகளைப் பற்றியது. நிக்கோலஸ் ப்ளூம் என்ற பொருளாதாரப் பேராசிரியரும் கூட்டாளிகளும் சில ஆலைகளுக்கு ஆலோசகர்களை இலவசமாக அனுப்பி, இருப்புக் கணக்கு, பழுதுகளைக் குறித்து வைப்பது, மெஷினை முன்கூட்டியே கவனிப்பது என்று சாதாரண நிர்வாகப் பழக்கங்களைக் கற்றுக்கொடுத்தார்கள். 2013-ல் வெளியான முடிவுப்படி முதல் வருடத்திலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் உயர்ந்தது. எனக்கு அதைவிடச் சுவாரசியமாக இருந்தது வேறொன்று. அந்தக் கம்பெனிகள் எவ்வளவு பெரிதாக வளரும் என்பது நிர்வாகத் திறமையைவிட, முதலாளி குடும்பத்தில் எத்தனை ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதோடுதான் அதிகம் ஒத்துப்போனது. வெளியாளை நம்பிப் பொறுப்பைக் கொடுப்பதில்லை. பிள்ளைகள் தீர்ந்தால் வளர்ச்சியும் தீர்ந்தது. கணக்கு ஒழுங்காக வரத் தொடங்கியதும் முதலாளிகள் மேனேஜர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாக முடிவுகளை விட்டுக்கொடுத்தார்கள்.

சில வருடம் கழித்து மறுபடி போய்ப் பார்த்து, 2020-ல் அதையும் எழுதினார்கள். சொல்லிக்கொடுத்ததில் பாதியைக் கைவிட்டிருந்தார்கள். சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானவை, பழகிய மேனேஜர் போய்விட்டார், முதலாளிக்கு நேரமில்லை. மீதிப் பாதி நின்றது, அதுவே பெரிது என்றும் சொல்லலாம். எனக்குக் கைவிட்ட பாதிதான் உறுத்தியது, ஏனென்றால் லீவு முடிந்து நான் யார்டுக்குத் திரும்பிய இரண்டே நாளில் 43 போனும் திரும்பி வந்துவிட்டது. யாரும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை, நான்தான் குறுக்கே போய் நின்றேன். அந்தப் பையன் மறுபடி வாயை மூடிக்கொண்டான்.

இப்போது காலை பத்து மணி வரைக்கும் கேட் அவன் பொறுப்பு, அந்த நேரத்தில் நான் கேன்டீனுக்குப் பக்கத்து ரூமில் உட்கார்ந்து பில் பார்க்கிறேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சில நாள் வயிற்றைப் பிசைகிறது. போன வாரம் ஒரு டிரெய்லரை அவன் திருப்பிய லட்சணத்தைப் பார்த்து எழுந்தேவிட்டேன். அப்புறம் உட்கார்ந்தேன். முதலாளிக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை, உனக்குச் சம்பளம் எதற்கு என்று கேட்கிறார், நியாயமான கேள்விதான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் இருக்கும் பெரியவர்களை எழுப்பி நிற்க வைக்காதீர்கள். எந்த எலும்பு முறிவுக்கு எப்போது எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் வேறு, அது டாக்டர் சொல்ல வேண்டியது. அம்மாவுக்கே குடத்தைத் தொட ஆறு மாதம் ஆயிற்று, அதுவும் டாக்டரிடம் கேட்டு, சின்னக் குடம், பாதி தண்ணீர், தூக்கிக்கொண்டு படியேறக் கூடாது என்ற கண்டிஷனோடு.

பம்புக்கு வாஷர் மாற்றி, கிரீஸ் போட்டு, துருவைத் தேய்த்துக் கொடுத்தேன். காலையில் ஐந்தரைக்கு அந்தக் கிரீச் சத்தம் கேட்டால் நானும் எழுந்து வாசலில் போய் நிற்கிறேன். எட்டு அடி, நிறுத்தி மூச்சு, மறுபடி எட்டு அடி. பக்கம் போகக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். நேற்று எதிர்வீட்டு அத்தை கோலப்பொடி டப்பாவோடு வெளியே வந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பெத்தவள தண்ணி அடிக்க உட்டுட்டு, கையக் கட்டிக்கினு நிக்கிறான் பாரு, எருமை மாடு மாதிரி" என்றாள்.

அம்மா பம்பை நிறுத்தாமலே, "அவனை அங்கியே நிக்கச் சொல்லுடி" என்றாள்.